ராசம்மாள் சொன்ன ‘ஆமாங்க’

ஹெலிகாப்டர் எப்படி விழுந்தது என்று தெரியாத ஆள் நெடுவாய்க்காலில் ஒருத்தர்கூட இல்லை. டீக்கடை அரசப்பனுக்குத் தெரியும். அவன் கடையில் ஓசிப் பேப்பர் படிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அன்றைக்கு ஊரிலேயே இல்லாமல் கும்பகோணத்துக்குப் பல் பிடுங்கப் போயிருந்த ஆளுக்குக்கூட விலாவாரியாகத் தெரியும். துபாயிலிருந்து போன் போட்டு, இப்படித்தான் விழுந்துச்சு என்று ஊர்க்காரர்களுக்கே பாடம் எடுத்தவர்கள் உண்டு. தெரியாதது ஒரே ஒருத்திக்குத்தான். அது ராசம்மாள். அவள்தான் அது விழுந்த இடத்துக்கு அடுத்த வயலில், முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தவள்.

கண்றாவி என்னவென்றால், நேரில் பார்த்த சாட்சி என்று உலகமெல்லாம் காட்டியது அந்த ஒருத்தியைத்தான்.

ராசம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் கொத்துக்கு அவள்தான் தலைவி. மிஷின் நடவு வந்து முக்கால்வாசி வேலையைப் பிடுங்கிக்கொண்டது. மிஷினை இறக்கினால் புதைந்துபோகிற உளை வயல்கள் மட்டும் இவர்களுக்கு மிச்சம். அந்த உளையில் பன்னிரண்டு பேரையும் வரிசை பிசகாமல் பின்னாலேயே நகர்த்திக் கொண்டுபோவாள். வாய் என்றால் வாய். ‘ஏண்டி, நாத்த நடுறியா, இல்ல புள்ளையத் தூங்கப் போடுறியா?’ என்று அவள் ஒரு அதட்டல் போட்டால் அடுத்த வயல்காரியும் கை வேகத்தைக் கூட்டுவாள்.

ஆனால் அந்த வாயெல்லாம் சேற்றுக்குள்தான். வரப்பில் ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றுவிட்டால் போதும், ராசம்மாளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வரும். ஆமாங்க. அவள் அப்பன் பண்ணையாளாக இருந்தவன். பண்ணை வீட்டு வாசலில் நின்று ‘இல்லை’ என்று சொன்ன ஆள் அவர்கள் தெருவில் கிடையாது. ‘என்னடா, தண்ணி வைக்காம தூங்கிட்டியா?’ என்று கேட்டால், விடிய விடிய மடை பார்த்திருந்தாலும் ‘ஆமாங்கய்யா’தான். சொல்லிவிட்டால் நாலு வசவோடு போகும். இல்லை என்றால் அன்றைய பொழுதே போய்விடும். அப்பன் போய், பண்ணை போய், அந்த வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறி, ராசம்மாளின் மகள் கனிமொழி தஞ்சாவூரில் நர்ஸாகி, எல்லாம் மாறியாயிற்று. இந்த ஒரு வார்த்தை மட்டும் நாக்கிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அதனால் பட்டது கொஞ்சமா? பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் முருகையன் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துச் செத்தான். அறுந்து தொங்கிய வயரை மாற்றச் சொல்லி மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். பொணம் கிடக்கும்போதே கரண்ட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி ஃபைலோடு வந்தார். ‘ஆளு தண்ணி போடுவாரா?’ என்று கேட்டார். பொங்கலுக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம் போடுவான். ‘ஆமாங்க’ என்றாள். ‘அன்னிக்கும் போட்டிருப்பாரு, இல்ல?’ என்றார். அன்றைக்கு அவன் குடித்தது பழையசோற்றுத் தண்ணி. அழுது அழுது காது அடைத்து, மனுஷன் போனால் போதும் என்று இருந்தது. ‘ஆமாங்க.’

அவ்வளவுதான். போதையில் வயரைத் தொட்டான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நிவாரணம் கிடையாது என்று ஒரு கடுதாசி வந்தது. அதுகூடப் போகட்டும். ‘குடிச்சிட்டுக் கரண்ட்டப் புடிச்சவன் பொண்ணு’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லியே கனிமொழியை ஒரு வருஷம் அழ வைத்தார்கள். தன் வாயாலேயே புருஷனுக்குக் குடிகாரப் பட்டம் கட்டியவள் ராசம்மாள். அதற்கப்புறமாவது திருந்தினாளா? எங்கே!

அது ஆவணி மாசக் கடைசி முகூர்த்தம். பக்கத்து ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். இப்போதெல்லாம் கலசத்தில் புனித நீர் ஊற்றினால் மட்டும் போதாது. மேலேயிருந்து ஹெலிகாப்டர் பூத் தூவ வேண்டும், தூவாவிட்டால் ஊருக்கே மரியாதை இல்லை. ஒரு இன்ஜினியரிங் கல்லூரி முதலாளி அந்த உபயத்தை ஏற்றுக்கொண்டு, பூவைத் தன் கையாலேயே கொட்ட வேண்டும் என்று தானும் ஏறிக்கொண்டார். ஓட்டியவர் பெயர் ஹஸ்ஸான். முப்பத்தெட்டு வயது, அதிராம்பட்டினத்துக்காரர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று காலையில் நடவுக்காரிகளுக்கு அது வெறும் சத்தம்தான்.

போகும்போது எல்லாரும் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினார்கள். ‘ஏ, எங்க தலையிலயும் ரெண்டு பூவப் போட்டுட்டுப் போ சாமி’ என்று ஈஸ்வரி கத்தினாள். ஒரே சிரிப்பு. திரும்பி வரும்போது ஒருத்தியும் நிமிரவில்லை. பார்த்ததையே பார்க்க யாருக்கு நேரம்? மணி பத்தரை. சாப்பாட்டுக்குக் கரையேறுவதற்குள் அந்தத் துண்டை முடித்தாக வேண்டும். சத்தம் நெருங்கியது. தலைக்கு மேலே காற்று வந்து அறைந்தது. தேங்கிய தண்ணீரெல்லாம் சிலிர்த்துக்கொண்டு எழும்பியது. அப்புறம் பூமி ஒரு குதி குதித்தது. ராசம்மாள் முழங்கையில் இருந்த சேற்றோடு நிமிர்ந்தபோது, அது ஏற்கெனவே விழுந்து கிடந்தது.

பார்த்தது அவ்வளவுதான். விழுந்ததைத்தான் பார்த்தாள். விழுவதைப் பார்க்கவில்லை.

பெண்கள் அலறிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். அவளும்தான் ஓடினாள். பாதி வரப்பில் ஒரு முனகல் கேட்டது. ஓடுகிற காலைத் திருப்பினாள். ஈஸ்வரியும் பின்னாலேயே வந்தாள். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை மூக்கைத் துளைத்தது. சாமந்தியும் ரோஜாவும் சேற்றில் மிதந்தன. முதலாளி உள்ளேயே முடிந்துபோயிருந்தார், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓட்டினவர் வெளியே வந்து விழுந்திருந்தார். இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. அவர் ராசம்மாளைப் பார்த்துக் கையை அசைத்தார். வா என்றில்லை, போ என்று.

‘பக்கத்துல நிக்காதீங்கம்மா. தீப்புடிக்கும். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க.’

அவள் திரும்பி, ரோட்டிலிருந்து ஓடிவந்த ஆம்பிளைகளைப் பார்த்து, ‘கிட்ட வராதீங்க, தீப்புடிக்குமாம்!’ என்று தொண்டை கிழியக் கத்தினாள். பிறகு ஆளுக்கொரு கையைப் பிடித்து இரண்டு பேருமாக அவரைச் சேற்றோடு சேறாக இழுத்துவந்து வரப்பில் கிடத்தினார்கள். கிடத்தி மூச்சு வாங்குவதற்குள் வால் பக்கம் குப்பென்று பற்றியது. ராசம்மாள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் விட்டாள். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது வாய் கடைவாயில் வழிந்துவிட்டது. அவள் மடியில் தலை கிடந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அதற்கப்புறம் வந்தது ஒரு கூட்டம். சீ, அதை என்ன சொல்லித் திட்டுவது? ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஆளில்லை, செல்போனைத் தூக்கிப் பிடிக்க ஐநூறு கை. பொணத்துக்கு ஒரு துணி போர்த்தத் தோன்றவில்லை, அதன் பக்கத்தில் நின்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கத் தோன்றியது. தீ அணைந்ததும் தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனான் ஒருத்தன். எதற்குடா என்றால், ‘ஞாபகத்துக்கு’ என்கிறான். மிதந்த பூவைக் கோயில் பிரசாதம் என்று முந்தானையில் அள்ளிக்கொண்டு போனவளையும் ராசம்மாள் பார்த்தாள். ஓட்டினவரின் ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொன்றை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு என்னதான் செய்வான் பாவி? ராசம்மாள் தன் முந்தானையைக் கிழித்து அந்த முகத்தில் போட்டாள்.

மூன்று மணிக்கு அறிவுச்செல்வன் வந்தான். யூடியூப்பில் ஏதோ ஒரு சேனல். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் மைக். பேருதான் அறிவுச்செல்வன். போலீஸுக்கு மூன்று தடவை ஒப்பித்து, ரத்தமும் சேறும் காய்ந்து புடவை விறைத்து, வீட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணி ஊற்றிக்கொண்டால் போதும் என்று நின்றவளை வழிமறித்தான்.

‘அம்மா, நீங்கதானே பக்கத்துல இருந்தது?’

‘ஆமாங்க.’

‘ஆடி ஆடி வந்துச்சாம்மா?’

‘ஆமாங்க.’

‘ஓட்டினவரு வேணும்னே கீழ கொண்டுவந்து மோதின மாதிரி இருந்துச்சா?’

அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி முடிவதற்குள்ளேயே நாக்கு தன் வேலையைப் பார்த்துவிட்டது. ‘ஆமாங்க.’

‘நன்றிம்மா’ என்று போய்விட்டான். மடியில் ஒரு உயிர் போயிற்றே, அது கடைசியாக என்ன சொல்லிற்று என்று அவன் கேட்கவில்லை. அதற்கு முன்னால் வந்தவர்களும் கேட்கவில்லை.

முதல் நாள் அரசப்பன் கடையில், பூ போய் மேல் காத்தாடியில் சிக்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அரசப்பன் டீ ஆற்றுகிற டம்ளரையே சுற்றிக் காட்டி விளக்கினான். மறுநாள் அந்தப் பூக் கதை போய், போட்டிக் கல்லூரிக்காரன் ஆள் வைத்து போல்ட்டைக் கழற்றிவிட்டான் என்றார்கள். யாகசாலையில் தீட்டு என்றார்கள். மருந்தடிக்கிற ட்ரோன் குறுக்கே வந்தது என்றார்கள். சைக்கிள் செயினை ஒழுங்காக மாட்டத் தெரியாதவனெல்லாம் காத்தாடி எத்தனை சுற்று சுற்றும் என்று கணக்குச் சொன்னான். மூன்றாம் நாள் பேப்பரில் ஓட்டினவர் பெயர் வந்தது. அவ்வளவுதான், மற்ற எல்லாக் காரணமும் ஒரே நிமிஷத்தில் செத்துப்போயிற்று.

‘பேரப் பாத்தீங்களா?’ என்றான் அரசப்பன். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. கடையில் இருந்த அத்தனை பேரும் ‘அதானே!’ என்று தலையாட்டினார்கள். இவன் கடைக்குப் பால்பவுடரும் பிஸ்கட்டும் இருபது வருஷமாகப் போடுகிறவர் ஒரு அப்துல் மஜீது. அந்த மனுஷன் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில்தான் நின்றிருந்தார். கேட்டும் கேட்காத மாதிரி பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் கனிமொழி தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

‘என்னம்மா சொல்லி வச்சிருக்க?’

போனைக் காட்டினாள். ராசம்மாளின் முகம் பெரிசாகத் தெரிந்தது. கன்னத்தில் சேறு. அதற்குக் கீழே சிவப்பில் எழுத்து. கனிமொழி வாசித்தாள்: ‘கும்பாபிஷேகத்தில் சதி? நேரில் பார்த்த பெண் பகீர்.’ முதல் இரண்டு கேள்வியை வெட்டிவிட்டு மூன்றாவதை மட்டும் வைத்திருந்தான். ‘வேணும்னே மோதின மாதிரி இருந்துச்சா?’ ‘ஆமாங்க.’ அதையே திரும்பத் திரும்ப நான்கு தடவை ஓடவிட்டு, டம் டம் என்று மேளம் வேறு. பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே எழுதியிருந்ததைக் கனிமொழி வாசிக்க மறுத்துவிட்டாள். ‘அதையெல்லாம் வாயால படிக்க முடியாதும்மா’ என்றாள்.

‘நீ பாத்தியா? அவரு வேணும்னு எறக்கினத நீ பாத்தியா?’

‘நான் எங்கடி பாத்தேன்? குனிஞ்சில்ல இருந்தேன்.’

‘அப்புறம் ஏன்...’ கனிமொழி பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாதா? ‘அப்பாவுக்குச் செஞ்சியே, அதையே இவருக்கும் செஞ்சிட்ட’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிப் போய்விட்டாள். மகள் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

பத்து நாள் கழித்து ஒரு கார் வந்தது. புர்கா போட்ட பெண் ஒருத்தி இறங்கி வீடு விசாரித்து வந்தாள். அதிராம்பட்டினத்தில் பள்ளிக்கூட டீச்சர், பெயர் தஹ்மீனா. ஹஸ்ஸானின் அக்கா. அவள் தெருவில் நடந்து வந்த ஐந்து நிமிஷத்துக்குள் அரசப்பன் கடையில் இருந்த நாலு போனும் அவள் பக்கம் திரும்பிவிட்டன. இவர்களை எல்லாம் பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று ராசம்மாள் நினைத்துக்கொண்டாள். உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்தி, சேர் போட்டு, சொம்பில் தண்ணி கொடுத்தாள்.

தஹ்மீனா தண்ணியை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. ‘அந்த வீடியோல இருக்கறது நீங்கதானே?’

‘ஆமாங்க.’

‘தம்பி வேணும்னு மோதினான்னு சொன்னீங்களே.’

‘ஆமாங்க.’

‘பாத்தீங்களா?’

அந்த இடத்தில்தான் ராசம்மாளின் வாய் வாழ்க்கையில் முதல் தடவையாக நின்றது. ஆமாங்க வரவில்லை. இல்லைங்கவும் வரவில்லை. தஹ்மீனா காத்திருந்தாள். நல்ல டீச்சராக இருக்க வேண்டும், பதில் வருகிறவரைக்கும் விடுகிற ஆளில்லை.

‘எங்க மையத்தான்கொல்லையில அடக்கம் பண்ணும்போதும் போலீஸ் காவல் போட்டாங்கம்மா. அவன் புள்ளைங்க ரெண்டும் ஸ்கூலுக்குப் போகல. உங்கப்பன் எத்தனை பேரக் கொல்லப் பாத்தான்னு கேக்கறாங்களாம். எட்டு வயசு ஒண்ணு, அஞ்சு வயசு ஒண்ணு. எங்க உம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க. எம்புள்ள அப்படிச் செய்வானான்னு என்னையே கேக்கறாங்க. அதான் வந்தேன். நீங்க பாத்திருந்தா, பாத்தேன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. நான் போயிடறேன்.’

‘பாக்கலம்மா’ என்றாள் ராசம்மாள். ‘குனிஞ்சிருந்தேன். நிமிர்ந்தப்ப விழுந்து கெடந்துச்சு.’ பிறகு கேட்காமலே சொன்னாள். முனகலைச் சொன்னாள், கையை அசைத்ததைச் சொன்னாள். பக்கத்துல நிக்காதீங்கம்மா, தீப்புடிக்கும், எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க என்றதைச் சொன்னாள். இரண்டு வாய்த் தண்ணீரையும் சொன்னாள்.

தஹ்மீனா அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

‘இத ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?’

‘யாரும் கேக்கலம்மா.’

‘கேக்காட்டி?’ என்றாள் தஹ்மீனா. ஒரு சின்னத் தாளில் போன் நம்பரை எழுதிக் கட்டிலில் வைத்தாள். தண்ணிச் சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தப் பார்வை இருக்கிறதே, காலில் ஒட்டியதை வழித்துவிட்டுப் போகிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அரசப்பன் கடையைப் பார்த்துத் தனக்கு வருகிற அதே அருவருப்பு தன் மேலேயே திரும்பி வந்து விழும் என்று ராசம்மாள் எதிர்பார்க்கவில்லை. சொம்புத் தண்ணியை முருங்கை மரத்தடியில் கொட்டினாள். அன்றைக்கு அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாளே அறிவுச்செல்வனுக்குப் போன் போடச் சொல்லி ஈஸ்வரியைக் கூப்பிட்டாள். ‘நான் பாக்கல தம்பி, அத எடுத்துடுங்க’ என்றாள். ‘பாக்கலாம்மா’ என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் போனை எடுக்கவே இல்லை.

ஐப்பசியில் சென்னையிலிருந்து விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். ஊராட்சி ஆபீஸில் நாற்காலி மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அரசப்பன் காலையிலேயே ராசம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனே பத்துச் சேனலுக்குப் பேட்டி கொடுத்தவன், அவன் கவலை அவனுக்கு.

‘இத பாரு ராசம்மா, வீடியோல சொன்னத அப்படியே சொல்லிட்டு வந்துரு. மாத்திப் பேசினா பொய் சாட்சின்னு உன்னைத்தான் தூக்கி உள்ள வைப்பான். ஊரு பேரும் கெட்டுரும்.’

‘ஊரு பேரு இனிமேத்தான் கெடணுமாக்கும்’ என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஆனால் உள்ளுக்குள் நடுக்கம்தான். அப்பன் காலத்து நடுக்கம், லேசில் போகுமா?

அதிகாரி வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். கண்ணாடி. முன்னால் லேப்டாப்பில் அவள் முகம். பக்கத்தில் ஒரு ஆள் எழுதிக்கொண்டிருந்தார். கூட்டம் ஜன்னலில் தொங்கியது. அரசப்பன் கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டான்.

‘இது நீங்கதானேம்மா?’

‘ஆமாங்க.’

‘விமானி வேண்டுமென்றே மோதியதுபோல இருந்ததுன்னு சொல்லியிருக்கீங்க. அதையே இப்பவும் சொல்றீங்களா?’

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பழைய சமாச்சாரம், பழகிய வழி. ராசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணி வந்தது, ஆத்திரத்தில் வந்த தண்ணி.

‘இல்லீங்க.’

‘இல்லையா?’

‘நான் பாக்கலைங்க. நாத்து நட்டுக்கிட்டிருந்தேன்.’

‘அவ்வளவு பக்கத்துல இருந்துட்டு, விழறதுக்கு முன்னாடி பாக்கலையா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.’

ராசம்மாள் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். ஆபீஸ் நடுவில், மேசைக்கு முன்னால், நடவுக்குக் குனிகிற மாதிரியே குனிந்தாள். இடது கையில் நாற்று முடி இருப்பதுபோல மடக்கி, வலது கையால் சிமென்ட் தரையில் ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்தாள். குனிந்தபடியே பேசினாள்.

‘இப்படி இருந்தேங்க. ஏழு மணிலேர்ந்து இப்படித்தான். இந்தாங்க, உங்க பேனாவ எந்தலைக்கு மேல தூக்கிப் புடிச்சு ஆட்டுங்க. எனக்குத் தெரியுதான்னு கேளுங்க.’

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். ராசம்மாள் நிமிராமல் தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பினாள். ‘எவண்டா சிரிக்கறது? அரசப்பா, நீ வா. வந்து குனி. ஆகாசத்துல என்ன தெரியுதுன்னு பாத்துச் சொல்லு. நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே.’

அரசப்பன் வரவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். ‘எழுந்திருங்கம்மா’ என்றார். ‘அப்போ அன்னிக்குச் சொன்னது பொய்யா?’

‘ஆமாங்க’ என்றாள் ராசம்மாள்.

எழுதிக்கொண்டார்கள். பிறகு அவரே, ‘வேற ஏதாவது சொல்லணுமா?’ என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக இரண்டு மாசம் காத்திருந்த மாதிரி, ஹஸ்ஸான் சொன்னது அத்தனையையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். எழுதுகிற ஆள் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தி, ‘தீப்புடிக்கும்னா சொன்னாரு?’ என்று கேட்டுக்கொண்டார். ‘ஆமாங்க. எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்கன்னாரு’ என்றாள். ஏன் விழுந்தது என்று கேட்டதற்கு, ‘அது எனக்குத் தெரியாதுங்க’ என்றாள். அந்த ஊரிலிருந்து அந்தப் பதிலைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு நகரவில்லை.

‘என் வீட்டுக்காரரு பேரு முருகையன். மோட்டார் கொட்டாயில கரண்ட் அடிச்சு செத்தாரு. அன்னிக்கும் ஒரு ஆபீசரு, குடிச்சிருந்தாரான்னு கேட்டாரு, நான் ஆமாங்கன்னுட்டேன். அவரு குடிக்கலீங்க. அதையும் எழுதிக்கங்க.’

‘அது எங்க வேலை இல்லம்மா. அதுக்கு வேற ஆபீஸ்.’

‘தெரியுங்க’ என்றாள். ‘இருந்தாலும் எழுதிக்கங்க.’

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதினார்களோ என்னவோ, அவளுக்குத் தெரியாது. ஆனால் சொல்லியாயிற்று.

வெளியே வந்தால் மைக்கோடு அறிவுச்செல்வன். அதே வெள்ளைச் சட்டை.

‘அம்மா, உள்ள உங்கள மிரட்டி மாத்திச் சொல்ல வச்சாங்களா?’

‘இல்ல.’

‘பயப்படாம சொல்லுங்கம்மா. மேலேருந்து பிரஷர் இருந்துச்சா?’

‘இல்ல.’

‘அந்தப் பைலட் வீட்டு ஆளுங்க உங்கள வந்து பாத்தாங்கன்னு சொல்றாங்களே. ஏதாச்சும் கைமாறுச்சா?’

‘த்தூ’ என்று துப்பினாள். அவன் ஷூவுக்கு ஒரு ஜாண் தள்ளி விழுந்தது. ‘இல்லடா. நான் பாக்கல. அன்னிக்கு நான் சொன்னது பொய். இத போடு. அன்னிக்குப் போட்ட மாதிரி நாலு தடவை போடு, மேளத்தோட போடு.’

அவன் கேமராக்காரனைப் பார்த்து, நிறுத்து என்று கையைக் காட்டினான். ‘இது ஓடாதும்மா’ என்றான். நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரி சொன்னான். மைக் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அரசப்பன் பக்கம் போய்விட்டான். அரசப்பன் தலையைச் சீவிக்கொண்டு தயாராக நின்றான்.

ராசம்மாள் வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்தாள். தஹ்மீனா வைத்துவிட்டுப் போன தாளை எடுத்து, கூட வந்திருந்த ஈஸ்வரியிடம் கொடுத்து நம்பரைப் போடச் சொன்னாள். மூன்றாவது மணியில் தஹ்மீனா எடுத்தாள்.

‘சொல்லிட்டேம்மா. பாக்கலன்னு எழுதிட்டாங்க. தம்பி சொன்னதையும் எழுதிட்டாங்க.’

‘அந்த வீடியோ?’ என்றாள் தஹ்மீனா.

‘அது அப்படியேதான் இருக்கும்மா.’

‘தெரியும்’ என்றாள் தஹ்மீனா. நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு, ‘இருங்க, உம்மா கிட்ட குடுக்கறேன். அவன் சொன்னத உங்க வாயாலயே சொல்லுங்க’ என்றாள்.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு கிழவியின் மூச்சு மட்டும். ராசம்மாள் மதகை விட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

‘பக்கத்துல நிக்காதீங்கம்மா, தீப்புடிக்கும்’ என்றாள். ‘எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க.’